நாலால் வகுபட்டால் மட்டும் போதாது

2100 நாலால் மிச்சமில்லாமல் வகுபடுகிறதே, அப்புறம் ஏன் அது லீப் வருடம் இல்லை என்கிறார்கள்? கூடுதல் நாளை ஏன் பிப்ரவரியில் கொண்டுபோய் வைத்தார்கள்? நம் பஞ்சாங்கத்தில் லீப் வருடம் உண்டா? இந்த மூன்றும் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்விகள், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கூடவே வரும் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் விதி. வருட எண் நாலால் வகுபட்டால் லீப் வருடம். ஆனால் நூறாலும் வகுபட்டால் கிடையாது. நானூறாலும் வகுபட்டுவிட்டால் மறுபடியும் லீப் வருடம்தான். ஆகவே 1700, 1800, 1900 மூன்றுக்கும் பிப்ரவரி 29 இல்லை, 2000-க்கு இருந்தது, 2100, 2200, 2300-க்கு இருக்காது, 2400-க்கு இருக்கும். நானூறு வருடத்தில் நூறு வர வேண்டிய இடத்தில் 97 லீப் வருடங்கள்தான் வரும்.

பள்ளியில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மீதியை மறந்தவர்களுக்கும் இதுவரை ஒரு சிக்கலும் வரவில்லை. 1904 தொடங்கி 2096 வரை நாலு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் லீப் வருடம் வருகிறது, நடுவில் வந்த 2000-மும் நானூறு விதியால் தப்பித்துவிட்டது. 1900 பிப்ரவரியைப் பார்த்தவர் யாரும் இன்று உயிரோடு இல்லை. அடுத்தது 2100, அதைப் பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவே இல்லை. இந்த விதி ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்று பார்க்க மொரார்ஜி தேசாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நாலு வருடம் கழித்து 1900-ல் வந்திருக்க வேண்டிய பிறந்தநாள் வரவில்லை, எட்டு வயது ஆன பிறகு 1904-ல்தான் முதல்முறையாகத் தன் பிறந்த தேதியைக் காலண்டரில் பார்த்தார். 99 வயது வரை இருந்தார், அதில் அவருக்கு வாய்த்த பிப்ரவரி 29-கள் 23.

சரி, இப்படி ஒரு சுற்றி வளைத்த விதி எதற்கு? பூமி சூரியனைச் சுற்ற 365 நாளும் ஆறு மணி நேரமும் ஆகிறது, நாலு ஆறு இருபத்துநாலு, எனவே நாலு வருடத்துக்கு ஒரு நாள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த ஆறு மணி நேரம் தோராயம். பருவங்கள் ஒரு சுற்று முடிந்து பழைய இடத்துக்கு வர உண்மையில் ஆவது சராசரியாக 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. அதாவது ஆறு மணிக்குப் பதினொன்றேகால் நிமிடம் குறைவு. நாலு வருடத்துக்கு ஒரு முழு நாளைச் சேர்க்கும்போது ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் அதிகமாகவே சேர்த்துவிடுகிறோம், அது 128 வருடத்தில் ஒரு நாளாகிவிடுகிறது. நூறு, நானூறு என்கிற விதிகள் எல்லாம் இந்த அதிகப்படியைத் திருப்பி எடுக்கத்தான்.

இந்தக் கணக்கு ரோமில் தொடங்கியது, அந்தக் கதை நன்றாகவே இருக்கும். ஜூலியஸ் சீசருக்கு முன்பு ரோமானியர்களின் வருடத்துக்கு 355 நாள்தான். பருவத்தோடு ஒட்டிப்போக அவ்வப்போது பிப்ரவரியைப் பாதியில் வெட்டிவிட்டு ஒரு கூடுதல் மாதத்தைச் செருகுவார்கள். எப்போது செருகுவது என்ற முடிவு பூசாரிகள் கையில் இருந்தது. ரோமில் பூசாரி என்றால் பெரும்பாலும் அரசியல்வாதியும்தான், ஆகவே வேண்டியவர் பதவியில் இருந்தால் வருடத்தை நீட்டினார்கள், வேண்டாதவர் என்றால் சும்மா விட்டுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பழைய ரோமானிய ஆசிரியர்களே எழுதிவைத்தது. தலைமைப் பூசாரி வேறு யாருமில்லை, சீசரேதான். அவர் போரில் இருந்த வருடங்களில் மாதம் செருகுவது கிட்டத்தட்ட நின்றே போனது. காலண்டர் பருவத்தைவிட இரண்டு மூன்று மாதம் விலகிப் போனபின், எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனஸ் என்ற வானியலாளரின் யோசனையைக் கேட்டு, கி.மு. 46-ஐ ஒரேயடியாக 445 நாள் கொண்ட வருடமாக நீட்டிச் சரிசெய்துவிட்டு, கி.மு. 45 முதல் 365 நாள், நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் என்று சட்டம் போட்டார். யோசனை எகிப்துடையது என்பதில் ஆச்சரியமில்லை. கி.மு. 238-லேயே மூன்றாம் தாலமி அரசர் அங்கே நாலு வருடத்துக்கு ஒரு நாள் சேர்க்க ஆணை போட்டார், மக்கள் கண்டுகொள்ளவில்லை.

சீசர் அடுத்த வருடமே கொல்லப்பட்டார். அப்புறம் பூசாரிகள் செய்த வேலைதான் வேடிக்கை. ரோமானியர்கள் எண்ணும்போது தொடங்குகிற ஒன்றையும் சேர்த்தே எண்ணுவார்கள், நாம் பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்து எண்ணுவது மாதிரி. ‘நாலாவது வருடம்தோறும்’ என்ற சீசரின் விதியை அப்படி எண்ணி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை லீப் நாள் போட்டுக்கொண்டே போனார்கள். 36 வருடத்தில் 9 வர வேண்டிய இடத்தில் 12 வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்து, கொஞ்ச காலம் லீப் வருடமே வேண்டாம் என்று நிறுத்திவைத்துக் கணக்கை நேராக்கியவர் சீசருக்குப் பின் ஆட்சிக்கு வந்த பேரரசர் அகஸ்டஸ்.

பிப்ரவரி ஏன் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். ரோமானியர்களின் பழைய வருடம் மார்ச்சில் தொடங்கியது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களுக்குள் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்ற லத்தீன் எண்கள் இருப்பது அதனால்தான். அந்த வரிசையில் கடைசி மாதம் பிப்ரவரி, வருடத்தில் எதையாவது கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் அவர்கள் கைவைக்கும் இடம் அது. சீசர் அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை. அவர் காலத்தில் கூடுதல் நாள் 29-ம் தேதியாகவும் வரவில்லை, பிப்ரவரி 24-ஐ இரண்டு முறை எண்ணினார்கள், அவ்வளவுதான். ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதியை வரிசையாக எண்ணும் பழக்கம் பிற்காலத்தில் ஊன்றியபோது அது மாதக் கடைசிக்கு நகர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் கதையையும் தீர்த்துவிடலாம். ஜூலியஸ் சீசரின் பெயரில் உள்ள ஜூலைக்கு 31 நாள் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அகஸ்டஸ், தன் பெயரில் உள்ள ஆகஸ்டுக்கும் 31 வேண்டும் என்று பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டாராம். சுவையான கதை, ஆனால் பொய். சீசர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பிப்ரவரிக்கு 28 நாள்தான். இடைக்கால ஐரோப்பாவில் கிளம்பிய இந்தக் கதையை யாரோ தமிழில் எழுதிவிட, இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

சீசரின் காலண்டர் 1600 வருடம் ஓடியது, அந்தப் பதினொன்றேகால் நிமிடமும் கூடவே சேர்ந்துகொண்டிருந்தது. விவசாயிக்கு அது தெரியவே தெரியாது. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தெரிந்தது, காரணம் ஈஸ்டர். மார்ச் 21-ஐச் சம பகலிரவு நாளாக வைத்து, அதற்கு அடுத்து வரும் முழுநிலவுக்குப் பிந்தைய ஞாயிறுதான் ஈஸ்டர். கி.பி. 325-ல் கிறிஸ்தவ ஆயர்களின் நைசியா சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21-ஐ ஒட்டியிருந்த சம பகலிரவு, 16-ம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. தெற்கு இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் அலோய்சியஸ் லிலியஸ் ஒரு தீர்வை எழுதிவைத்துவிட்டு 1576-ல் இறந்துபோனார், அதை எடுத்துச் சரிபார்த்து, பிற்பாடு எதிர்த்தவர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவர் கிறிஸ்டோபர் கிளேவியஸ் என்ற சேசுசபைக் கணிதர். கணக்கு இதுதான்: 128 வருடத்துக்கு ஒரு நாள் என்றால் நானூறு வருடத்தில் மூன்று நாளும் சொச்சமும் அதிகம், எனவே நானூறு வருடத்தில் மூன்று லீப் நாளை விட்டுவிட்டால் போதும். எந்த மூன்றை என்பதற்கு வானவியல் காரணம் எதுவுமில்லை, நூற்றாண்டு வருடங்கள் என்றால் நினைவில் நிற்கும், அதற்காகத்தான். துல்லியம் மட்டுமே குறி என்றால் 128 வருடத்துக்கு ஒரு லீப் நாளை விடுவது இன்னும் பிரமாதமாகப் பொருந்தும், ஆனால் 128-ஆல் மனக்கணக்காக வகுக்க எத்தனை பேரால் முடியும்?

போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582 பிப்ரவரி 24-ல் ஆணையிட்டார். அந்த வருடம் அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. தேதிதான் தாவியது, கிழமை தாவவில்லை. ஸ்பெயினில் அவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். அக்டோபர் 4-ம் தேதி இரவு இறந்தவருக்குத் திருநாள் அக்டோபர் 15-ல் வருவதைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு இதுதான் விளக்கம்.

போப் சொன்னார் என்பதாலேயே புராட்டஸ்டண்டு நாடுகள் நெடுங்காலம் ஏற்கவில்லை. பிரிட்டன் ஏற்றது 1752-ல். அதற்குள் 1700 ஒரு பக்கம் லீப் வருடமாகவும் மறுபக்கம் சாதாரண வருடமாகவும் கழிந்திருந்ததால் பத்து நாள் வித்தியாசம் பதினொன்றாகிவிட்டது, ஆகவே செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. லினக்ஸ் கணினிகளில் இருக்கும் காலண்டர் கட்டளையிடம் 1752 செப்டம்பரைக் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அந்த ஓட்டையோடுதான் காட்டும். இதில் நம் ஊர்ச் சரித்திரமும் மாட்டிக்கொண்டது. பிரான்ஸ் 1582-லேயே மாறிவிட்டதால் புதுச்சேரியில் புதுத் தேதி, ஆங்கிலேயர் கையில் இருந்த சென்னையில் பழைய தேதி. 1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் ஆங்கிலேயக் குறிப்புகளில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் குறிப்புகளில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். 1752-க்கு முந்தைய சென்னையைப் பற்றிப் படிக்கும்போது இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி இருந்தால் உடனே அச்சுப்பிழை என்று முடிவு கட்டாதீர்கள்.

ரஷ்யா 1918 வரை இழுத்தடித்தது. அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-ல் கொண்டாடியது அதனால். சுவீடன் செய்ததுதான் உச்சம். ஒரேயடியாகத் தாவ வேண்டாம், 1700 முதல் நாற்பது வருடத்துக்கு லீப் நாள்களை விட்டுவிட்டு மெல்ல மாறுவோம் என்று தீர்மானித்தார்கள். 1700-ல் விட்டார்கள். 1704-லும் 1708-லும் போர்க் குழப்பத்தில் விட மறந்தார்கள். பழைய காலண்டரோடும் ஒட்டவில்லை, புதியதோடும் ஒட்டவில்லை, உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு தேதி அவர்களுக்கு. கடைசியில் பழையதற்கே திரும்ப 1712-ல் ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியதாயிற்று, அது ஏற்கெனவே லீப் வருடம், ஆகவே அந்த வருடம் சுவீடனில் பிப்ரவரி 30 என்று ஒரு நாள் உண்மையிலேயே இருந்தது.

இப்போது நம் பஞ்சாங்கத்துக்கு வருவோம். தமிழ்க் கணக்கில் லீப் நாள் என்று தனியாக ஒன்று கிடையாது, அதற்குத் தேவையும் இல்லை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அது சூரிய அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே மாதப் பிறப்பு, பின் என்றால் மறுநாள். கேரளத்தில் இந்த எல்லை நண்பகல் தாண்டியதும் வந்துவிடும், அதனால்தான் சில வருடம் நமக்கு ஏப்ரல் 14-ல் புத்தாண்டு முடிந்து அவர்களுக்கு 15-ல் விஷு வருகிறது, 2023-ல் வந்தது போல. இந்த முறையில் மாதத்துக்கு இத்தனை நாள் என்று நிரந்தரமாக எதுவும் இல்லை. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிடமிருந்து மிகத் தள்ளி இருப்பதால் மெதுவாக நகரும், எனவே ஆனிக்கு 31 அல்லது 32 நாள். ஜனவரித் தொடக்கத்தில் வேகம் அதிகம், மார்கழிக்கு 29 அல்லது 30. வாக்கியப் பஞ்சாங்கப்படி ஒரு வருடம் என்பது 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை (இந்த விநாடி கடிகார விநாடி அல்ல, நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, அதில் அறுபதில் ஒரு பங்கு தற்பரை), கடிகாரக் கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. இந்தச் சொச்சம் ஏறிக்கொண்டே போய் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு மாதத்தில் ஒரு நாளாக வந்து நிற்கும். அப்போது அந்தத் தமிழ் வருடத்துக்கு 366 நாள். யாரும் அறிவிப்பதில்லை, தினசரிக் காலண்டரைக் கிழிப்பவருக்கும் தெரியாது.

ஆனால் பொங்கல் தேதியை வரிசையாகப் பார்த்தால் அந்த ஆறு மணி நேரம் கண்ணுக்கே தெரியும். 2021, 2022 இரண்டிலும் ஜனவரி 14. 2023, 2024 இரண்டிலும் ஜனவரி 15. 2025-ல் மறுபடி 14. சங்கராந்தி நேரம் வருடத்துக்கு ஆறு மணிக்கு மேல் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு கட்டத்தில் அஸ்தமனத்தைத் தாண்டி மறுநாளுக்கு விழுகிறது, 2024 பிப்ரவரியில் இங்கிலீஷ் காலண்டர் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டதும் அடுத்த பொங்கல் பழைய தேதிக்குத் திரும்பிவிடுகிறது. பொங்கல் அதன் இடத்தில்தான் இருக்கிறது, அலைவது ஜனவரி.

முழுக்க அப்படியும் சொல்ல முடியாது, ஏனென்றால் நீண்ட காலக் கணக்கில் பொங்கலும் நகர்கிறது. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று, அந்தத் தேதி 1863 ஜனவரி 12. இன்று அது 14, 15-ல் வருகிறது. இந்த இரண்டு நாளில் ஒன்று, 1900-ல் லீப் நாள் இல்லாமல் போனதால் வந்தது. இன்னொன்றுக்குக் காரணம் வேறு: கிரகோரிக் காலண்டர் பருவத்தைப் பின்பற்றுகிறது, நம்முடையது நட்சத்திரங்களைப் பின்பற்றுகிறது. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் சூரியன் ஒரு சுற்று வர 365 நாள் 6 மணி 9 நிமிடம், பருவ வருடத்தைவிட இருபது நிமிடம் அதிகம், பூமியின் அச்சு மெல்லச் சுழன்றாடுவதால் வரும் வேறுபாடு இது. எழுபது வருடத்துக்கு ஒரு நாள் என்ற வேகத்தில் தமிழ் மாதங்கள் பருவத்தைவிட்டு விலகிப் போகின்றன. ஏறத்தாழ 1500 வருடத்துக்கு முன்பு சித்திரைப் பிறப்பு சம பகலிரவை ஒட்டி வந்தது, இன்று மூன்று வாரத்துக்கும் மேல் தள்ளி வருகிறது. உத்தராயணம் தை முதல் நாள் என்கிறோம், சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே முடிந்துவிடுகிறது. இதைத் தப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, எதை அளக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு, ஆனால் ‘நம் முன்னோர் கணக்கில் ஒரு விநாடி பிசகாது’ என்று மார்தட்டுவதும் சரியல்ல. வாக்கியக் கணக்கு உண்மையான நட்சத்திர வருடத்தைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் நீளம், அதைத் திருத்தத்தான் திருக்கணிதம் வந்தது.

சந்திரனை வைத்து மாதம் எண்ணும் தெலுங்கு, கன்னடக் காலண்டர்களில் வருடத்துக்குப் பதினொரு நாள் குறைவதால் அவர்கள் ஒரு நாளை அல்ல, இரண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதிக மாசம் என்று ஒரு மாதத்தையே சேர்க்கிறார்கள். இஸ்லாமியக் காலண்டர் அப்படிச் சேர்ப்பதில்லை, ரமலான் எல்லாப் பருவத்திலும் சுற்றி வருவது அதனால். வானியற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்து 1957-ல் வந்த நம் தேசியக் காலண்டரில் லீப் வருடம் உண்டு, சைத்ர மாதத்துக்கு 30-க்குப் பதில் 31 நாள். அரசிதழ் தவிர அதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

கணினிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எக்செலில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றுங்கள், 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே இல்லை. முன்பு லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது, அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அந்தத் தப்பைத் தெரிந்தே வைத்துக்கொண்டது. 2012 பிப்ரவரி 29-ல் அதே நிறுவனத்தின் அஷ்யூர் என்ற மேகக்கணினிச் சேவை முடங்கியதற்குக் காரணம் இன்னும் எளிமையானது: ஒரு வருடம் செல்லும் சான்றிதழ் தயாரிக்க, தேதியில் வருட எண்ணோடு ஒன்றைக் கூட்டினார்கள், 2013 பிப்ரவரி 29 என்று வந்தது. விதியை நீங்களே நிரலில் எழுதாதீர்கள், மொழியோடு வரும் தேதி நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, கிரகோரிக் கணக்காவது முற்றிலும் சரியா என்றால், இல்லை. வருடத்துக்கு 27 விநாடி அதிகம், மூவாயிரத்துச் சொச்சம் வருடத்தில் ஒரு நாள் பிசகும். 4000-ஐ லீப் வருடம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் யோசனை சொன்னார், எந்த நாடும் ஏற்கவில்லை. பூமியின் சுழற்சியே மெல்லக் குறைந்துவருவதால் அவ்வளவு தூரத்துக்கு இன்றே விதி எழுதிவைப்பதில் அர்த்தமும் இல்லை. அதற்கு முன்பே வேறு சில வித்தியாசங்கள் வரும். ரஷ்யத் திருச்சபை இன்னும் சீசரின் காலண்டரில்தான் இருக்கிறது, அவர்களுக்கு 2100 லீப் வருடம், ஆகவே இப்போது நம் ஜனவரி 7-ல் வரும் அவர்களின் கிறிஸ்துமஸ் 2101 முதல் ஜனவரி 8-ல் வரும். கிரேக்கத் திருச்சபை, செர்பிய விஞ்ஞானி மிலுட்டின் மிலன்கோவிச் 1923-ல் வகுத்த வேறொரு விதியை எடுத்துக்கொண்டது: நூற்றாண்டு வருடத்தை 900-ஆல் வகுத்து மிச்சம் 200 அல்லது 600 வந்தால் மட்டும் லீப் வருடம். கிரகோரியைவிட அது துல்லியமானது, இதுவரை இரண்டும் ஒரே தேதியைத்தான் காட்டுகின்றன. முதல்முறையாகப் பிரிவது 2800-ல். ரோமில் அந்த வருடம் பிப்ரவரி 29 இருக்கும், ஏதென்ஸ் கோயில்களில் அன்றைக்கு மார்ச் 1.